இடம்புரி மாற்றிக் கட்டிய கயிறு

அந்தக் காலத்தில் ஆடு பேசும், அடுப்பு பேசும், ஆற்றில் கிடக்கிற கல்லும் பேசும். உடம்புக்குள் இருக்கிறவர்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? பேசினார்கள். பேசினால் சண்டை வரும். வந்தது.

ஆற்றங்கரையில் கொற்றி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் ஆதன், மீன் பிடிக்கிறவன். கைக்குழந்தை ஒன்று, பெயர் சிட்டு. குடிசையில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கொற்றியின் தலைக்குள் இருந்தது.

தலை என்பது ஒரு வீடு. எலும்பால் கட்டிய வட்ட வீடு. ஓட்டுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே தண்ணீர் நிற்கும், கொற்றி ஓடினாலும் குதித்தாலும் உள்ளே இருக்கிறவர்கள் சுவரில் மோதிக்கொள்ளாமல் இருக்க. வீடு சின்னது, குடித்தனம் பெரியது. அதனால் சுவரை மடித்து மடித்து, பெரிய புடவையைச் சின்னப் பெட்டியில் திணித்த மாதிரி திணித்து வைத்திருந்தது.

உள்ளே இரண்டு அறைகள். வல அறையில் அக்கா வலம்புரி. இட அறையில் தங்கை இடம்புரி. நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தின்மேல் ஒரு பாலம். ஒருத்தி சொல்வது இன்னொருத்திக்கு அந்தப் பாலத்தின் வழியாகத்தான் போகும்.

பின்கட்டில், இரண்டு அறைகளுக்கும் அடியில், சின்னான் இருந்தான். ஆள் குட்டை. கழைக்கூத்தாடி. கொற்றி குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தாலும் தடுமாறாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அதிகம் பேச மாட்டான். பேசினால் கழி சாயும் என்பான்.

வாசல் கீழே, கழுத்துப் பக்கம். அங்கே துருத்தியார். கொற்றிக்கு மூச்சு ஓடவேண்டும், நெஞ்சு அடிக்கவேண்டும். அதற்காக இரண்டு காலாலும் துருத்தி மிதித்துக்கொண்டே இருப்பார். தூக்கம் கிடையாது. திரும்பிப் பார்க்கக்கூட நேரம் கிடையாது. பேசினாலும் மூச்சுக்கு நடுவில் இரண்டிரண்டு வார்த்தையாகத்தான் பேசுவார்.

மேலேயிருந்து கயிறுகள் இறங்கித் துருத்தியாரின் வாசலைத் தாண்டி உடம்புக்குள் போயின. வல அறைக் கயிறு வலக்கைக்கும் வலக்காலுக்கும். இட அறைக் கயிறு இடக்கைக்கும் இடக்காலுக்கும். நேராகப் போய் நேராக வந்தது. வாய் மட்டும் இருவருக்கும் பொது. யாருக்கு என்ன தோன்றுகிறதோ அவள் பேசிக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடம்புரிக்கு மட்டும் வயிறு எரிந்தது.

முதலில் பெயரிலேயே ஆரம்பித்தது எரிச்சல். வலம்புரிச் சங்கு கிடைத்தால் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இடம்புரிச் சங்கைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிறார்கள். பெயர் வைத்தவன் யாராக இருந்தாலும் அவன் நாசமாகப் போகட்டும் என்பாள்.

பெயரை விடு. வேலையைப் பார்.

வலக்கை சோறு பிசையும், ஊட்டும், கொடுக்கும், வாங்கும், கும்பிடுகிறபோது முன்னால் நிற்கும். அதற்குச் சோற்றுக்கை என்று மரியாதை. இடக்கை கழுவும். கொற்றிக்கும் கழுவும், சிட்டுவுக்கும் கழுவும். அதற்குப் பீச்சாங்கை என்று பெயர். போதாதற்குப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துச் சுமக்கிறதும் அதுதான். சோற்றுக்கை வேலையாக இருக்கிறதாம், அதனால் சும்மா இருக்கிற கை சுமக்கட்டுமாம்.

"அக்கா, உனக்கு வெட்கமா இல்லையா?" என்று பாலத்தில் நின்று கேட்பாள் இடம்புரி.

"எதுக்குடி?"

"தேன் ஒழுகுறது உன் விரல்ல. பீ ஒட்டுறது என் விரல்ல."

"தண்ணி ஊத்திக் கழுவினா போச்சு" என்பாள் வலம்புரி. சொல்லிவிட்டு ஏதாவது முணுமுணுத்துப் பாடுவாள். அவளுக்கு எப்போதும் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

"கழுவுறதும் நான்தானே."

"நீ நல்லாக் கழுவுறே, அதனால உன்கிட்ட கொடுத்திருக்காங்க."

இப்படி ஒரு பதில் வந்தால் யாருக்குத்தான் எரியாது? திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். பாராட்டி வாயை அடைத்தால் என்ன செய்வது? இடம்புரி தன் அறைக்குப் போய் மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அக்காவின் பாட்டு அங்கேயும் கேட்கும்.

சிட்டுவுக்கு முதல் சோறு ஊட்டும் நாள் வந்தது.

ஆதன் ஊரைக் கூப்பிட்டிருந்தான். அவனுடைய அக்கா, அதாவது கொற்றியின் நாத்தனார், விடிகிறபோதே வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். குரல் உள்ளவள். குழைந்த சோறு, மேலே தேன். வாழை இலைத் துண்டில் வைத்துக் கொற்றிக்கு முன்னால் நகர்த்தினாள்.

கொற்றி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிட்டு அவள் இடத்தொடையில், இடக்கையின் வளைவில். ஊர் சுற்றி நின்றது.

இடம்புரிக்கு அன்றைக்கு ஒரே ஒரு ஆசை. இந்த ஒரு வாய் நான் ஊட்டவேண்டும். அடுத்த வாயிலிருந்து ஆயுசுக்கும் அக்கா ஊட்டட்டும். பிள்ளை வாயில் போகிற முதல் சோறு என் விரலிலிருந்து போகட்டும்.

அக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு, அவள் சரி என்று சொல்லிவிட்டால் அதுவும் பிச்சை மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். பொறாமைக்காரிக்குக் கேட்டு வாங்கத் தெரியாது.

வலக்கை இலைக்குப் போவதற்குள் இடக்கையை நீட்டினாள். விரல் சோற்றைத் தொட்டது. சூடாக, பிசுபிசு என்று இருந்தது. அந்தச் சூடு கயிறு வழியாக ஏறி அவள் அறைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு அடி விழுந்தது.

"சீ, பீச்சாங்கையை எடு" என்றாள் நாத்தனார். அடித்தது அவள்தான். "பிள்ளைக்கு ஊட்டுற கையா இது? உங்க வீட்டுல இதுகூடச் சொல்லிக் கொடுக்கலையா?"

ஊர் சிரித்தது. கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகூட, "எனக்கே சோத்தை வலக்கையாலதான் வைப்பாங்க" என்றது. இலையை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுச் சோறு வைத்தார்கள். இடக்கைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வலக்கை தேனையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து சிட்டுவின் வாயில் வைத்தது. சிட்டு சப்புக்கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"பாவம்டி நீ" என்றாள் வலம்புரி பாலத்தில்.

அந்தப் பாவம்தான் வினை. அடியைக்கூட இடம்புரி மறந்திருப்பாள்.

சாப்பிட்டுவிட்டு ஊர் கலைந்தது. உச்சி வெயில். உண்ட மயக்கத்தில் கொற்றி குடிசைக்குள் பாயில் சாய்ந்தாள். சிட்டுவை இடக்கைக்குள் போட்டுக்கொண்டாள். சுவர் ஓரத்தில் அடுப்பு. அதில் ஒரு பானைக் கஞ்சி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

உடம்பு தூங்கினால் மேலே இருக்கிற கயிறுகள் தொய்ந்துவிடும். இடம்புரிக்கு அது தெரியும். அக்காவும் தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்தாள். தூங்கினாள். தூக்கத்திலும் தொண்டைக்குள் பாட்டு.

இடம்புரி முதலில் பின்கட்டுக்குப் போனாள்.

"சின்னாண்ணே, கயிறு கட்டறதுல உன்னை மிஞ்ச ஆள் உண்டா?"

"எந்தக் கயிறு?"

"எங்க அக்கா கயிறையும் என் கயிறையும் மாத்திக் கட்டணும். அவ கயிறு இடப்பக்கம் போகட்டும். என் கயிறு வலப்பக்கம் போகட்டும்."

சின்னான் கழியைக் கீழே வைக்காமலே அவளைப் பார்த்தான். "எதுக்கு?"

"கொஞ்ச நாளைக்கு. மாத்தி மாத்திப் பார்த்தா ரெண்டு பேருக்கும் வேலை பழகும்."

"பொய் சொல்றப்போ உனக்கு வார்த்தை அதிகமா வருது புள்ள" என்றான் சின்னான். "நீங்க எப்படியோ அடிச்சிக்குங்க. என் கயிறைத் தொட்டா கையை ஒடிப்பேன். என்னோட வலது வலதுக்குத்தான் போகும், இடது இடதுக்குத்தான் போகும்."

இன்றைக்கும் அவன் கயிறு அப்படித்தான் போகிறது. அது அவன் பிடிவாதம்.

இடம்புரி தனியாகவே வாசலுக்கு இறங்கினாள். துருத்தியார் முதுகைக் காட்டிக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

"யாரு... அது?"

"நான்தான் மாமா. நீங்க வேலையைப் பாருங்க."

"இங்க... என்ன வேலை... உனக்கு?"

"சும்மா காத்து வாங்க வந்தேன்."

வாசலில் அவ்வளவு கயிறும் ஒரே இடத்தில் கத்தையாக இறங்கும். கைக்கயிறு மட்டும் தனியாக எடுக்கலாம் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை. கால் கயிறும் அதோடு முறுக்கிக் கிடந்தது. பரவாயில்லை, காலும் வரட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து அவிழ்த்தாள். அக்காவின் கத்தையை இடப்பக்கம் இழுத்தாள். தன் கத்தையை அதன்மேல் குறுக்காகப் போட்டு வலப்பக்கம் இழுத்தாள். முடிச்சுப் போட்டாள்.

துருத்தியாருக்குச் சத்தம் கேட்டது. திரும்ப முடியாது. துருத்தியை விட்டால் கொற்றி போய்விடுவாள்.

"கயிறை... மாத்தாதே... தாயி. அது... விளையாட்டு..."

"விளையாடலை மாமா."

அவர் கத்தப் பார்த்தார். மிதித்துக்கொண்டே கத்தினால் எப்படிக் கத்துவது? மூச்சு பாதியில் சிக்கி 'ஹிக்' என்று ஒரு சத்தம் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த கொற்றியின் வாயிலும் அது கேட்டது. உலகத்தில் முதல் விக்கல் அதுதான். யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் சொல்கிறோம். யாரும் நினைக்கவில்லை, துருத்தியார் எச்சரிக்கிறார்.

அவசரத்தில் சில இழைகள் இடம்புரியின் கையில் அகப்படவில்லை. அவை பழையபடி நேராகவே போயின. மற்றதெல்லாம் மாறிவிட்டது. அவள் மேலே ஓடித் தன் அறையில் உட்கார்ந்து, புதுக் கயிற்றை மெதுவாக ஒரு சுண்டு சுண்டினாள். பாயில் கிடந்த வலக்கையின் விரல் ஆடியது. விரலில் இன்னும் தேன் வாசனை.

என் கை, என்று சொல்லிக்கொண்டாள். சோற்றுக்கை. இன்று சாயங்காலம் நான் ஊட்டுவேன்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

விக்கல் சத்தத்தில் சிட்டு விழித்துக்கொண்டிருந்தது. தொய்ந்து கிடந்த கையிலிருந்து நழுவி, தவழ ஆரம்பித்தது. நேரே அடுப்புக்கு. பானை தளபுள என்று ஏதோ பேசிக்கொண்டிருக்க, பிள்ளைக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒரு கையை நீட்டி, பானைக்கு முட்டுக் கொடுத்திருந்த விறகைப் பிடித்தது.

"பிள்ளை, பிள்ளை" என்று அடுப்பு அலறியது.

கொற்றி கண் விழித்தாள். அக்காவும் விழித்தாள். பிள்ளை தீயில் கை வைக்கிறது. கொற்றிக்கு இடப்பக்கம், கை நீட்டினால் எட்டுகிற தூரம். எழுந்து திரும்பவேண்டும். வலம்புரி வலக்காலை ஊன்றினாள். ஊன்றியது இடக்கால். இடம்புரி இடக்காலை இழுத்தாள். இழுபட்டது வலக்கால். கொற்றி எழுந்த வேகத்தில் குப்புற விழுந்தாள். பின்கட்டில் சின்னான் கழியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக ஆடினான். அவன் பிடித்ததால்தான் முகம் தரையில் அடிபடவில்லை.

விழுந்த அதிர்ச்சியில் கழுத்தில் கயிறெல்லாம் விறைத்து இழுபட்டது. முடிச்சு இறுகியது.

"என் கை எங்கடி?" என்றாள் வலம்புரி. "வலக்கையை இழுக்கிறேன், வரலையே. என்னடி ஆச்சு?"

இடம்புரி வலக்கையை நீட்டினாள். எட்டவில்லை. பிள்ளை இடப்பக்கம் இருக்கிறது. இடக்கைதான் எட்டும். இடக்கை இப்போது அக்காவிடம். அது அக்காவுக்குத் தெரியாது.

சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் பானை சாயும்.

விறகு உருவிக்கொண்டது. பானை ஆடியது.

"அக்கா, நீ பிடிச்சிருக்கிறது இடக்கை" என்றாள் இடம்புரி. "நான் மாத்திக் கட்டிட்டேன். இழு."

வலம்புரி ஏன் என்று கேட்கவில்லை. இழுத்தாள். இடக்கை பாய்ந்து போய்ச் சிட்டுவைத் தோளோடு வாரிச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே இழுத்துக்கொண்டது. பானை கவிழ்ந்தது. கஞ்சி கொற்றியின் இடமுழங்கையில் கொட்டியது.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. முழங்கை வெந்துபோயிற்று. அந்த எரிச்சல் கயிறு வழியாக ஏறியது. தனக்குத்தான் வரும் என்று இடம்புரி பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். வரவில்லை. வல அறையில் அக்கா துடித்தாள்.

ஆதன் ஓடி வந்தான். பின்னாலேயே நாத்தனார்.

"என்ன ஆச்சு உனக்கு? பிள்ளையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இப்படியா விழுவே?" என்றான் ஆதன்.

வாய் பொதுதான். வலம்புரி பேசியிருக்கலாம். நடந்ததை ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அதற்குள் இடம்புரி முந்திக்கொண்டாள்.

"கால் மரத்துப் போச்சுங்க" என்றது கொற்றியின் வாய். "தரையெல்லாம் ஈரம். நீங்க சாப்பிட்ட இலையை யாரும் எடுக்கலை. விறகு வேற சரியா வைக்கலை. நான் என்ன பண்றது?"

"விறகு வெச்சது நான்தான்" என்றாள் நாத்தனார்.

"அதைத்தான் சொல்றேன்" என்றது வாய்.

வலம்புரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பாலத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"கையை எடுத்துக்கிட்டே. சரி. இப்ப வாயையும் நீயே வெச்சுக்கோ. உன்கிட்ட இனி எனக்குப் பேச்சு இல்லை."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அக்கா தங்கைக்குள் பேச்சு நின்றால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே வீடு, ஒரே சோறு. தேவையானதைக் கொண்டுவந்து வைப்பார்கள். முகத்தைப் பார்ப்பார்கள். வார்த்தை மட்டும் வராது. வலம்புரி பாலத்தின் வழியாக எல்லாம் அனுப்பினாள். யார் முகம் யாருடையது, எது எங்கே இருக்கிறது, யார் குரலில் கோபம் இருக்கிறது என்று எல்லாம் வந்தது. சொல் வரவில்லை. பாட்டை மட்டும் அவள் விடவில்லை.

சாயங்காலம் வந்தது. இலை வந்தது. வலக்கை சோற்றைப் பிசைந்தது. இடம்புரி பிசைந்தாள். அவள் உருட்டினாள், அவள் ஊட்டினாள். சிட்டு வாங்கிக்கொண்டது. நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒன்றுக்காகத்தானே இவ்வளவும்? நன்றாகத்தான் இருந்தது. நாலு வாய் ஊட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு சிட்டுவுக்குத் தூக்கம் வந்தது. கொற்றி வலக்கையைக் கழுவித் துடைத்துவிட்டு, எப்போதும் போலப் பிள்ளையைத் தூக்கி இடத்தோளில் சாய்த்துக்கொண்டாள்.

இடம்புரி அந்தக் கனத்துக்காகக் காத்திருந்தாள். தினமும் இந்த நேரத்தில் வருவது. கழுத்தோரத்தில் சூடான மூச்சு. தோளில் எச்சில் ஈரம். தலை முதலில் லேசாகச் சாயும். தூக்கம் பிடித்ததும் ஒரேயடியாகக் கனக்கும். சின்ன விரல்கள் தோள் சதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல விடும். எத்தனை தடவை அதைச் சுமை என்று சொல்லியிருக்கிறாள். கை மரத்துப் போகிறது என்று எத்தனை தடவை முணுமுணுத்திருக்கிறாள்.

வரவில்லை.

வலக்கையைத் தடவிப் பார்த்தாள். கழுவிய கை. ஈரம். அதில் வேறு ஒன்றும் இல்லை.

பாலத்துக்கு ஓடினாள். "அக்கா, தூங்கிட்டாளா?"

பதில் இல்லை.

"பிடிச்சிருக்காளா? விரலை விட்டாளா இன்னும்? அது மட்டும் சொல்லு."

வல அறையில் தாலாட்டு கேட்டது. கொற்றியின் வாய் வழியாக அது வெளியே போய்க்கொண்டிருந்தது. வாயை வாங்கிக்கொண்டவள் இவள்தான். அந்தப் பாட்டு வருகிறபோது மட்டும் வாய் இவள் பேச்சைக் கேட்கவில்லை.

இடம்புரி கீழே இறங்கினாள்.

"மாமா, முடிச்சை அவிழ்க்கணும்."

"இறுகிப்... போச்சு தாயி."

"நான் அவிழ்க்கிறேன். நீங்க கொஞ்சம் நகருங்க."

"முடிச்சு... துருத்திக்கு அடியில... போயிடுச்சு. நகரணும்னா... இதை நிறுத்தணும்." துருத்தியார் இரண்டு மூச்சு மிதித்தார். "நிறுத்தட்டுமா?"

மேலே தோளில் பிள்ளை தூங்குகிறது. பிள்ளைக்கு அடியில் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறது.

"வேண்டாம்" என்றாள் இடம்புரி. மேலே போய்விட்டாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சை இன்னும் நிறுத்தவில்லை. தான் ஏன் அப்படிச் செய்தாள் என்று ஒரு காரணம் சொல்வாள், அது சரியில்லை என்றால் இன்னொரு காரணம். அக்கா ஏதாவது செய்தால் அதற்கும் இவள்தான் காரணம் சொல்வாள். நாம் செய்த தப்புக்கு யோசிக்காமலே ஒரு சாக்கு வாயில் வந்து நிற்கிறதே, அது அவள் கைவரிசை.

கயிற்றை இப்படிக் குறுக்காகக் கட்டியதைக் குடிசை வாசலில் நின்று ஆட்டுக்குட்டி பார்த்தது, நாய் பார்த்தது, பூனையும் பார்த்தது. மனுஷி செய்தால் நல்லதுக்குத்தான் இருக்கும் என்று அவையும் தங்கள் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டன. கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

சில தலைகளில் வலம்புரி சோற்றுக்கை வேலையை இடக்கையால் செய்துகொள்கிறாள். தங்கையிடம் கேட்பதில்லை. அங்கேயும் இருவருக்குள் பேச்சு இல்லை.

அன்று முதல்தான் இட மூளை வலக்கையை ஆட்டுகிறது, வல மூளை இடக்கையை ஆட்டுகிறது. அன்று முதல்தான் இடம்புரி அறையில் அடி விழுந்தால் வலக்கையும் வலக்காலும் விழுந்து, பேச்சும் போய்விடுகிறது. பேச்சுப் போனவர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டு ஒன்றை ஆரம்பித்துப் பாருங்கள். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாதவர்கூடச் சில நேரம் கூடச் சேர்ந்து பாடுவார். பாடுகிறவள் அக்கா.

பிள்ளை பெற்றவளையும் பாருங்கள். வலக்கை சோறு பிசையும். வாய் ஓயாமல் கதை சொல்லும். தூக்கம் வந்ததும் பிள்ளை போய்ச் சாய்வது இடத்தோளில்தான்.